மிளகாய்த்தூளில் செங்கல்

போன சனிக்கிழமை மெற்றோ ரயிலில் பக்கத்து இருக்கைப் பெண்மணி என் கடைப்பையை எட்டிப் பார்த்தார்.

"ஐயா, தூள் வாங்கினா பாத்து வாங்குங்கோ. வன்னிப் பிள்ளை ஒண்டு வீட்டிலை அரைச்சு விக்குது. அதுக்குள்ளை செங்கல் தூளாம்!"

"ஆர் சொன்னது?"

"லா ஷப்பல் தமிழ்க் கடையொண்டிலை ஒரு படிச்ச ஐயா சொன்னவராம். வாத்தியாராம்."

அந்த வாத்தியார் நான்தான்.

செங்கல் என்று நான் சொல்லவில்லை... ஆனால் தொடக்கி வைத்தது நான். லா ஷப்பலில் மருமகனின் கடையில் மாலை நேரங்களில் வியாபாரம் பார்க்கிறேன். கடைக்குச் சொந்த பிராண்டில் மிளகாய்த்தூள் உண்டு. பிலிப்-து-ஜிரார் தெருவில் இன்னொரு கடையில் அந்தப் பெண்ணின் தூள் வந்ததும் எங்களுடையது தேங்கியது. "அந்தப் புதுத்தூள் எப்பிடி ஐயா?" என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார்.

"நிறம் கொஞ்சம் கூடத்தான்... என்னத்தைக் கலக்கினமோ, ஆருக்குத் தெரியும்?"

இவ்வளவுதான் சொன்னேன். உண்மையில் அந்தத் தூளை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பொய் சொல்லாமலே பொய்யைப் பரப்பலாம் — படித்தவனுக்கு அது நன்றாகவே வரும்.

மெற்றோவில் கேட்ட மறுநாள், அந்தத் தூள் விற்ற கடைக்குப் போனேன். முதலாளி தூள் பைக்கற்றுகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அந்தப் பெண்.

"சனம் தொடுகுதில்லை, தங்கச்சி. திருப்பிக் கொண்டு போ."

"அண்ணை, என்ரை மனுசனுக்கு இன்னும் பிரெஞ்சு வதிவிட கார்த் கிடைக்கேல்லை. வேலைக்குப் போகேலாது. எங்கடை சீவியமே இதிலைதான்..."

நான் நடந்ததைச் சொன்னேன். அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"அப்ப ஐயா, இஞ்சை நிண்டு நல்ல தூள் எண்டு சனத்துக்குச் சொல்லுங்கோ."

நின்றேன். முதலில் வந்தவர் எனக்குத் தெரிந்தவர்தான்.

"என்ன ஐயா, மருமோன்ரை கடையை விட்டிட்டியளோ? இவை கமிஷன் கூடத் தருகினமோ?"

"இல்லைத் தம்பி, முந்திச் சொன்னதுதான் பிழை."

"ஓமோம்... அப்ப இப்ப சொல்லுறது?"

கடையே சிரித்தது. விஷயம் காதுக்கு எட்டியதும் மருமகன் போனில் கத்தினார்: "மாமா, உங்களுக்கென்ன விசரோ? எல்லாரும் செய்யிற வியாபாரம்தானே!"

எல்லாரும் செய்வதுதான். எந்த விற்பனையாளர் அடுத்த பிராண்டைப் பழிக்கவில்லை? ஆனால் ஒன்று கவனித்தீர்களா? நான் குறை சொன்னபோது ஒருவரும் அத்தாட்சி கேட்கவில்லை. நல்லது சொன்னபோதுதான் எல்லாருக்கும் சந்தேகம்.

மாலைவரை ஒரு பைக்கற்கூடப் போகவில்லை. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். பக்கத்து ஊரான சென் தெனியில் ஒரு கடையைக் கேட்டுப் பார்க்கப் போகிறாளாம்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை... என் பேச்சு அவளுக்கு முன்னமே அங்கே போய்ச் சேர்ந்திருக்குமோ?