பக்கத்து வீட்டில் மூன்று நாளாக மீன் பொரிக்கவில்லை

சுங்கை பினாங்கில் எங்கள் ஃப்ளாட்டில், பக்கத்து வீட்டு சரோஜா அக்கா மீன் பொரிக்காத நாளே கிடையாது. மூன்று நாளாக அந்த வாசமே இல்லை.

இன்று காலை கதவைத் திறந்தால், என் கிரில் கதவில் கட்டிய ஒரு கொத்து வேப்பிலை. கீழே ஓர் இளநீர்.

அக்கா தன் வாசலில் நின்றபடியே கும்பிட்டார். என்னை இல்லை, என் முகத்தை.

"லிஃப்ட்ல பாத்தேன் தங்கச்சி. ஆத்தா எறங்கியிருக்கா. அம்மை போட்ட வீட்டுப் பக்கம் எண்ணெய் வாசம் ஆகாதுல்ல, அதான் நானும் சட்டி வைக்கல."

நுரையீரல் புற்றுநோய்க்கு நான் சாப்பிடும் மாத்திரையால் முகமெல்லாம் கொப்புளம். வரும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். கும்பிடு கிடைக்கும் என்று சொல்லவில்லை.

"அம்மை இல்ல லா அக்கா. கேன்சர் மருந்து. யாருக்கும் ஒட்டிக்காது. நேத்து ஸ்கேன்ல பாத்தாங்க, கட்டி பாதியா சுருங்கிடுச்சு."

அக்கா நெஞ்சில் கை வைத்தார். "அப்பாடா! கேன்சர்தானா? நான் பயந்தே போயிட்டேன்!"

அந்த வார்த்தையைக் கேட்டு நிம்மதிப் பெருமூச்சு விட்ட முதல் மனுஷி அவர்தான். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

பத்து நிமிடத்தில் எண்ணெய்ச் சட்டி சத்தம். அரை மணியில் பொரித்த கெம்போங் மீன் ஒரு தட்டு நிறைய.

வேப்பிலையை இன்னும் அவிழ்க்கவில்லை. மத்தியானம் வாட்டர் ஃபில்டர் விற்க வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, மணியடிக்காமலே திரும்பிப் போய்விட்டார்.

அவிழ்க்கத்தான் வேண்டுமா? நீங்களே சொல்லுங்கள்.