மாதப்பனின் நம்மாளு

அதியமான்கோட்டை மாதப்பனுக்கு உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்: நம்மாளு, யாரோ. நம்மாளு என்றால் சொந்தக்காரனாக இருக்க வேண்டியதில்லை. பக்கத்து ஊர், நம்ம சாதி என்று சொல்லி, 'மாமா' என்று ஒரு தடவை கூப்பிட்டால் போதும். நம்மாளு விற்ற மோட்டார் கிணற்றில் இறங்கிய வாரமே புகைந்தது. நம்மாளு பல் டாக்டர், வலிக்கிற பல்லை விட்டுவிட்டுப் பக்கத்துப் பல்லைப் பிடுங்கினார். "இருந்தாலும் மனசாரப் புடுங்குனான்" என்று வீங்கிய கன்னத்தோடு சொன்னவர் மாதப்பன். தக்காளிச் செடியில் ஒரு இலை சுருண்டால் குனிந்து புரட்டிப் பார்ப்பார். மனிதர்களைப் புரட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை என்பது அவர் கட்சி.

மகள் கவிப்பிரியா இந்த வருஷம் பி.காம். முடித்தாள். ஓசூரிலிருந்து இரண்டு அழைப்புகள் வந்தன. ஒன்று, அவளே விண்ணப்பித்த உதிரிபாகக் கம்பெனியின் கணக்குப் பிரிவு. பேசியவர் லூர்துமேரி என்கிற ஹெச்.ஆர். மேடம். "பகல்ல வாம்மா. வூட்ல யாரையாச்சும் கூட்டிட்டு வா. ஒரிஜினல் சர்டிபிகேட்டைப் பாத்துட்டு அப்பவே கையில குடுத்துருவோம், ஜெராக்ஸ் போதும்" என்றார்.

"யாரு பாப்பா அது? எந்த ஊரு?" என்றார் மாதப்பன்.

"கேக்கலப்பா."

"ஊரு பேரு தெரியாத எடத்துக்கு வேலைக்குப் போவியா நீ?"

இன்னொன்று, அவள் விண்ணப்பிக்கவே இல்லாத ஏற்றுமதிக் கம்பெனி. பேசியவன் சந்திரமோகன். தேர்வு கிடையாது, தங்க இடம், சாப்பாடு இலவசம், ஒரிஜினல் சர்டிபிகேட்டெல்லாம் கம்பெனியிலேயே பத்திரமாக இருக்கும் என்றான். மாதப்பன் போனை வாங்கினார். "அதியமான்கோட்டையா? நமக்குப் பென்னாகரம் மாமா! உங்க பக்கம்தான். நம்மாளுங்க புள்ளைய நான் பாத்துக்க மாட்டனா?" என்றான் அவன். மாதப்பனின் முகம் மழை பெய்த வயலாயிற்று.

மனைவி கோகிலவாணிக்குப் பிடிக்கவில்லை. "மாப்பிள்ளை பாக்கப் போனா தெருவுல நாய் வரைக்கும் விசாரிப்பீங்க. இதுக்கு ஒண்ணும் கெடையாதா?"

"நம்மாளுகிட்ட என்னாடி விசாரணை? அவன் மனசு சங்கடப்படாது?"

ஒரிஜினல் போனால் பிறகு எந்தக் கம்பெனி வாசலிலும் போய் நிற்க முடியாது என்று கவிப்பிரியாவுக்குத் தெரியும். அப்பாவிடம் வாதாடி ஜெயித்ததாக அந்த வீட்டில் வரலாறு இல்லை. "ரெண்டு எடத்தையும் பாத்துட்டு வரலாம்ப்பா. மொதல்ல உங்காளு" என்றாள்.

ஓசூரில் அது ஒரு மாடி அறை. பெயர்ப்பலகை இல்லை, வாசலில் செருப்புக் குவியல் இருந்தது. உள்ளே பாயில் உட்கார்ந்து முப்பது பெண் பிள்ளைகள் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய போன்களெல்லாம் ஒரு பிளாஸ்டிக் கூடையில் கிடந்தன. டை கட்டிய சந்திரமோகன் ஓடி வந்தான். "வாங்க மாமா!" கவிப்பிரியா வாயைத் திறப்பதற்குள் அப்பா சர்டிபிகேட் பையை மேஜைமேல் வைத்துவிட்டார்.

"என்ன வேலைங்க இங்க?" என்று கேட்டாள்.

"வேலையா? நீதாம்மா முதலாளி! மொதல்ல மூணு ப்ரெண்ட்ஸக் கூட்டியாந்து சேத்துவுடு, அப்புறம் பாரு."

அப்போது மகளோடு இன்னொருவர் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அரூர் மாதேஸ்வரன். அவர் மகளும் ஒரு பையை மேஜைமேல் வைத்தாள்.

"தம்பி எங்க ஊருங்க. எங்காளு" என்றார் பெருமையாக.

மாதப்பன் சிரித்தார். "பென்னாகரங்க அது. எங்காளு."

"அரூருன்னுதான சொன்னாப்ல? மாமான்னு கூப்டாப்லயே!"

"என்னையுந்தான் கூப்டான்!"

இருவரும் அவன் பக்கம் திரும்பினார்கள். "அப்பா பென்னாகரம், அம்மா அரூரு..." என்று இழுத்தான் அவன்.

"அரூர்ல யாரு வூடு?"

"பென்னாகரத்துல எந்தத் தெரு?"

"உங்க குலசாமி எது? சொல்லு பாக்கலாம்!"

வேலையைப் பற்றிக் கேட்காத கேள்வியெல்லாம் அவன் வம்சத்தைப் பற்றி வந்து விழுந்தது. டை நனைந்தது. கவிப்பிரியா மேஜைமேல் இருந்த தன் பையை எடுத்தாள். மற்றதையும் எடுத்து அரூர்ப் பெண்ணின் கையில் திணித்து, படிக்கட்டைக் கண்ணால் காட்டினாள். பெண்கள் இருவரும் கீழே போய்ச் சேர்ந்த பிறகும் மாடியில் குலசாமி விசாரணை ஓயவில்லை.

மாதப்பன் உடைந்துபோய் இறங்கி வந்தார். மகள் ஏமாற இருந்தாளே என்பதல்ல துக்கம். "அரூர்க்காரனையும் மாமாங்கறான் பாரு பாப்பா!"

மதியம் லூர்துமேரி ஒரிஜினல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கவிப்பிரியாவின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். கணக்கில் நாலு கேள்வி கேட்டார். உட்காரும் இடத்தையும், பெண்கள் தங்கும் விடுதியையும் காட்டினார். "திங்கக்கெழம சேந்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு மாதப்பனிடம் திரும்பினார்.

"நீங்க எந்த ஊருங்க?"

"அதியமான்கோட்டைங்க."

"சரிங்க" என்றார் லூர்துமேரி. அவ்வளவுதான். எங்க பக்கம்தான் என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. மாதப்பனுக்கு அது மரியாதைக் குறைவாகத்தான் பட்டது.