பாடாங் பெசார் வரை தாங்கிய டயர்

தோட்டக் கூலிகளின் வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் பால்மரம்தான். அத்தனை மரத்துப் பாலும் கப்பலேறிப் போய் எந்த ஊர்க்காரன் வண்டிக்கோ டயராகிக்கொண்டிருந்தது. ஜப்பான்காரன் வந்ததும் கப்பல் நின்றது. புகைக் கொட்டகையில் ரப்பர் சீட்டு கூரையை முட்டிக்கொண்டு கிடந்தது. மலாயாவில் எங்கள் கெடா மாநிலம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் நல்ல டயர் ஒன்று கிடைக்கவில்லை. இந்தக் கூத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்புதான் வரும். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

அப்பா தோட்டத்து லாரி டிரைவர். சண்டை வந்ததும் துரை தன் பெட்டி படுக்கையெல்லாம் ஏற்றிக்கொண்டு அந்த லாரியிலேயே ஓடிப்போய்விட்டார். அவருக்குப் பின்னால் வெள்ளைக்காரப் பட்டாளமும் ஓடியது. ஓடிய அவசரத்தில் ஒரு பட்டாளத்து லாரியைச் சுங்கைப் பட்டாணிச் சாலையோரச் சகதியில் இறக்கிவிட்டு அப்படியே விட்டுப்போனார்கள். அப்பா ஆட்களைக் கூட்டிப்போய்க் கயிறு கட்டி அதை இழுத்து வந்து, என்னென்னவோ செய்து உயிர் கொடுத்துவிட்டார். உயிர் வந்த பிறகு ஜப்பான்காரன் வந்து பார்த்தான். லாரி எனக்கு, ஓட்டுகிற வேலை உனக்கு என்றான். அப்பாவுக்கு அதுவே பெரிய சந்தோஷம். சாப்பிடாமல் இருந்துவிடுவார், ஓட்ட ஒரு வண்டி இல்லாமல் அவரால் இருக்க முடியாது.

அப்போது எனக்கு ஏழு வயது இருக்கும். ஒருநாள் பெரட்டுக்களத்தில், காலையில் ஆள் கணக்கு எடுக்கும் இடத்தில், ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி எல்லாரையும் நிறுத்தி வைத்துப் பேசினார். சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள். சில மாத வேலை. மூன்று வேளையும் அரிசிச் சோறு. கிராணி மேலே என்ன சொன்னாரோ, சோறு என்ற இடத்திலேயே எல்லாருடைய காதும் நின்றுவிட்டது. நாங்கள் மரவள்ளிக் கிழங்கைத் தின்று தின்று முகம் வெளுத்துக் கிடந்தோம். அத்தை மகனுக்குக் கால் இரண்டும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. அத்தை அப்பாவுக்கு ஒரே தங்கை. முதல் ஆளாகப் போய்ப் பேர் கொடுத்தவர் அவள் புருஷன், என் மாமா.

சுங்கைப் பட்டாணியில் ரயிலில் இடமில்லையாம். எல்லையில் இருக்கும் பாடாங் பெசார் வரை லாரியில் போய், அங்கே ரயில் ஏற வேண்டும் என்றார்கள். லாரி என்றதும் லயத்துப் பெண்கள் அப்பாவைச் சூழ்ந்துகொண்டார்கள். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் வேறொரு தோட்டத்து லாரி குரூண் பக்கத்து வளைவில் டயர் வெடித்துக் குப்புறக் கவிழ்ந்து ஒரு ஆள் செத்துப்போயிருந்தான். ஆகவே சயாம் எப்படிப்பட்ட ஊர், அங்கே என்ன வேலை, யார் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள் என்று ஒருவரும் வாயைத் திறந்து கேட்கவில்லை. எல்லாரும் டயரைப் பற்றியே கேட்டார்கள்.

அப்பா லாரியைப் புகைக் கொட்டகை முன்னால் நிறுத்தி, சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். ஒரு இரும்புத் தடியால் ஒவ்வொரு டயராகத் தட்டினார். தட்டுவார், காதைக் கிட்டே கொண்டுபோவார், மறுபடியும் தட்டுவார். கழற்றிப் போட்ட டயருக்குள்ளே கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு சுற்றிலும் தடவிப் பார்ப்பார். வீட்டில் எங்களை ஒருநாளும் அவ்வளவு அக்கறையாகத் தடவிக் கொடுத்ததில்லை என்று அம்மா முணுமுணுத்தாள்.

மாமாவுக்கு இதெல்லாம் வேடிக்கை. "போதும் மச்சான், ரொம்ப தட்டாதீங்கலா, அழுதுடப் போவுது" என்பார். என்னைத் தூக்கி ஒரு டயருக்குள் உட்கார வைத்து, களம் முழுக்க உருட்டினார். வானமும் மண்ணும் மாறி மாறி வந்தன. நான் கத்திய கத்தில் அப்பா தடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அடி எனக்கென்று நினைத்து நான் ஓட, அவரோ டயருக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று குனிந்து பார்த்தார். மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி என்று எழுத வேண்டும்போல் இருக்கிறது. ஆனால் அது பொய். மறுநாளும் சிரித்தார், லாரியில் ஏறும்போதும் சிரித்தார். அந்த மனுஷன் எப்போதும் அப்படித்தான்.

பின்சக்கரம் ஒன்றில் அப்பாவின் கை நின்றது. பக்கவாட்டில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிசல், உள்ளே இருக்கும் நூலெல்லாம் பிசிறு பிசிறாகத் தெரிந்தது. இது குரூண்கூடத் தாண்டாது என்று கிராணியிடம் சொன்னார். கிராணி ஓடிப்போய் ஜப்பான்காரனை அழைத்து வந்தார். அவன் பூட்ஸ் காலோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கிழிசலில் கட்டைவிரலை விட்டுப் பார்த்தான். கத்துவான், அறைவான் என்று எல்லாரும் காத்திருந்தோம். அவன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொல்லிவிட்டுப் போனான். வேறு டயர் வரும்வரை லாரி நிற்கட்டும், முதலில் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் போகட்டும் என்றானாம். அப்பா தடியை ஓரமாகச் சாத்திவிட்டுக் கை கழுவப் போனார். அவ்வளவுதான், முடிந்தது என்றுதான் நான்கூட நினைத்தேன்.

அத்தைக்கு அது முடிந்த விஷயமாக இல்லை. கால் வீங்கிய பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேராக அப்பா முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணே, அடுத்த தோட்டத்துக்காரன் போயிட்டா அப்புறம் நம்மள எவன் கூப்பிடுவான்? இந்தப் புள்ளைக்கு நான் எதைக் குடுக்க? நீங்க மனசு வச்சா அந்த டயரு ஓடும். எனக்குத் தெரியாதா உங்க கைய?"

"ஓடும்னு வச்சுக்க. வழியில வெடிச்சா?"

"நீங்க தச்சா வெடிக்காதுண்ணே."

அத்தை ஒரு காரியம் வேண்டுமென்றால் அழமாட்டாள். முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அப்பாவால் அதைத் தாங்க முடியாது. போய் வேலையைப் பாரு என்று ஒரு அதட்டல் போட்டார். அதட்டினால் சரி என்று அர்த்தம். அத்தை சிரித்துக்கொண்டே போனாள்.

அப்புறம் நடந்ததுதான் வேலை! பட்டாளத்தார் விட்டுப்போன டெலிபோன் கம்பியை எடுத்து, செருப்புத் தைப்பதுபோல் அந்தக் கிழிசலைத் தைத்தார். உருப்படாத பழைய டயர் ஒன்றை அறுத்து உள்ளே பட்டையாகக் கொடுத்தார். மரத்து நோய்க்கு அடிக்க வைத்திருந்த கந்தகத் தூளை ரப்பரோடு பிசைந்து மேலே அப்பி, கிராணி வீட்டு இஸ்திரிப் பெட்டியில் கரியைப் போட்டு வைத்து வைத்து அழுத்தினார். எங்கள் தோட்டத்துப் பால் எங்கள் தோட்டத்திலேயே டயரானது அன்றைக்குத்தான். நாற்றம் குடலைப் பிடுங்கியது. ஆனாலும் லயமே வந்து சுற்றி நின்று பார்த்தது. அப்பா தடியால் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், தலையை ஆட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இவர் என் அப்பா என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தும் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னேன்.

புறப்படுகிற அன்று மாரியம்மன் கோயில் முன்னால் லாரியை நிறுத்தினார்கள். சூடம் கிடைக்காத காலம். தேங்காய் நார் கொளுத்திச் சுற்றினார்கள். பெண்கள் எல்லா டயருக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். தைத்த டயருக்கு மட்டும் அத்தை இரண்டு தடவை வைத்தாள். எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு லாரி நகர்ந்தது. மேலே நின்ற ஆட்கள் கோயிலைப் பார்த்துக் கும்பிட்டார்கள். மாமா மட்டும் என்னைப் பார்த்து, கையால் டயர் உருட்டுவதுபோல் காட்டிக்கொண்டே போனார்.

அப்பா வெறும் லாரியோடு திரும்பி வந்தார். ஒரு டயரும் போகவில்லை, எல்லாரையும் நல்லபடியாக ரயிலேற்றிவிட்டேன் என்றார். அத்தை அவர் காலில் விழுந்து எழுந்தாள். அதற்குப் பிறகு சயாமிலிருந்து ஒரு சேதியும் வரவில்லை. அரிசியும் வரவில்லை. அத்தை மகன் அந்த வருஷமே போய்விட்டான்.

சண்டை ஓய்ந்து வெகுநாள் கழித்து, அந்த லாரியில் போனவர்களில் ஒருவர் திரும்பி வந்தார். எலும்பும் தோலுமாக, காலில் ஆறாத புண்ணோடு எங்கள் வீட்டு வாசலில் லயத்து ஆட்கள் நடுவே உட்கார்ந்து, அங்கே வாந்திபேதியில் ஆட்கள் கொத்துக் கொத்தாகச் செத்ததைச் சொன்னார். மாமாவும் அதில்தான் போனார் என்றார். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அத்தை அழவில்லை. ஏதாவது கேட்க வேண்டும் என்று கேட்டாளோ என்னவோ, "போற வழியிலயாச்சும் செரமமில்லாம போனாரா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் ஒரு செரமமும் இல்லக்கா. பக்கத்துத் தோட்டத்து லாரி ஜித்ராகிட்ட டயர் போயி நின்னுடுச்சு. அந்தச் சந்து கெடச்சதுல பாதி ஆளு காட்டுக்குள்ள ஓடித் தப்பிச்சிட்டானுங்களாம். நம்ம லாரி எங்கக்கா நின்னுச்சு? அண்ணன் தச்ச டயராச்சே. பாடாங் பெசார் வரைக்கும் கல்லு மாதிரி நின்னு கொண்டுபோய்ச் சேத்துடுச்சு."

அப்பா எழுந்தார். துண்டைக்கூட எடுக்காமல் புகைக் கொட்டகைப் பக்கம் விறுவிறுவென்று நடந்தார்.

எனக்கு மனசு தாங்கவில்லை. இத்தனை பேர் முன்னால் அவர் வேலையைப் பாராட்டியிருக்கிறார்கள், சரியாகக் கேட்காமல் கோபித்துக்கொண்டு போகிறாரே என்று பின்னாலேயே ஓடினேன். "அப்பா, ஒங்கள நல்லவிதமாத்தான் சொன்னாங்கப்பா!" என்று கத்தினேன். அவர் திரும்பவில்லை. காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் உரக்க ஒருமுறை சொன்னேன்.