இருபது கோணல் சட்டைகள்

மிஷினில் தைக்கும் ஒல்லி வேலையை விட்டுப் போனது, காலையிலேயே மழை பிடித்துக்கொண்ட ஒரு செவ்வாய்க்கிழமை. இருபது பள்ளிச் சட்டைகள் கோணிக்கொண்டு வந்ததற்கு அவள்தான் காரணம் என்று தையல் கூடத்தில் எல்லார் முன்னாலும் சொன்னவர் கத்தரி அக்கா. வயது அறுபத்து மூன்று. துணி வெட்டும் மேசை முப்பது வருடமாக அவருடையது.

"நான் வெட்டுனா நூல் பிடிச்ச மாதிரி இருக்கும், முதலாளி. இவ மிஷின்ல உக்காந்து கனாக் காணுறா."

ஒல்லி குடையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

மறுவாரம் அக்காவுக்கு வீட்டு ஜன்னல் கம்பி நடுவில் வளைந்து தெரிந்தது. தடவிப் பார்த்தால் நேராக இருந்தது. அப்போதுதான் புரிந்தது. துணியில் போட்ட சுண்ணக்கட்டிக் கோடும் இப்படித்தான் வளைந்து தெரிந்திருக்கிறது. அதை நேராக்குவதாக நினைத்துத் துணியைக் கோணலாக வெட்டியது அவரேதான்.

கால் வலி என்று சொல்லி வேலையை நிறுத்தினார். உண்மையைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. தலை வாரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தார். தங்கை பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"கீழ கிடக்குற குண்டூசி தெரியுது. எதிர்ல நிக்கிற என்னைப் பாத்து யாருங்கிற! நல்லா நடிக்கிறக்கா."

"நடுவுலதான்டி மறைக்குது. ஓரமெல்லாம் தெரியுது."

வாய் தவறி வந்துவிட்டது. அன்றே தங்கை கண் மருத்துவரிடம் இழுத்துப் போனாள். வயதானால் வரும் விழித்திரைத் தேய்வு என்றார் அவர்.

"போனது திரும்பாதும்மா, மிச்சத்தைக் காப்பாத்தப் பாக்கலாம். தூக்கம் வருதா? காரணமில்லாம அழுகை வருதா?"

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"பார்வை குறையும்போது நிறைய பேருக்கு மனசும் சோர்ந்து படுத்துடுது. அதுக்கும் வைத்தியம் இருக்கு."

"அது எனக்கு வேண்டாம், டாக்டர்."

அந்தச் சோர்வு நோய் இல்லை, தண்டனை என்றே நம்பியிருந்தார். ஒருத்தியின் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டவளுக்கு மாத்திரை ஒரு கேடா? வெளியே வந்ததும் தங்கையிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

"நீ படுத்துக் கிடந்தா அவளுக்கு என்னக்கா லாபம்?" என்றாள் தங்கை.

மனச் சோர்வுக்கான மாத்திரை தொடங்கிச் சில வாரங்களில் எழுந்து உட்கார முடிந்தது. முதல் வேலையாகத் தங்கையின் போனில் ஒல்லிக்குக் குரல் பதிவாகப் பேசி அனுப்பினார்: "தப்பு என்மேலதான்டி. கோடு எனக்கு வளைஞ்சு தெரிஞ்சுது. மன்னிச்சுடு."

ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. பின்னால் தையல் மிஷின் சத்தம்.

"அக்கா, வெட்டுதான் கோணல்னு எனக்கு அன்னைக்கே தெரியும். உங்க பேரு கெட்டுடுமேன்னு வாயை மூடிக்கிட்டேன். உடம்பைப் பாத்துக்கங்க. என்கிட்ட சொல்லிட்டீங்க, சரி. முதலாளிகிட்ட சொன்னீங்களா?"