உடம்பில் செல் துண்டோடு எம்ஆர்ஐ எடுக்க வெள்ளவத்தைக்கு

முல்லைத்தீவில் ட்ராக்டர் ஓட்டும் என் அண்ணனுக்குப் போன மாதம் வலிப்பு வந்தது. சிடி ஸ்கானில் மூளையின் இடப்பக்கம் ஒரு நிழல். அது கட்டியா, கட்டியென்றால் பேச்சுக்குரிய பகுதியைத் தொடுகிறதா என்று பார்க்க மருந்தேற்றி எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் தேதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கட்டி காத்திருக்குமா? கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தனியார் நிலையத்தைப் பிடித்தோம்.

கொட்டாஞ்சேனையில் நண்பன் வீட்டில் தங்கிக் காலை ஆறரைக்கு ஆட்டோ எடுத்தோம். ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர், ஆயிரத்து இருநூறு ரூபாய். "தலை ஸ்கானா? அப்ப மெதுவாப் போறன்" என்றார் சாரதி. மருதானை வரை ஒரு குழியையும் விடவில்லை.

நிலையத்தில் ஸ்கான் எடுக்கும் சிங்கள இளைஞர் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: "அண்ணே, உடம்புலே இரும்பு ஏதும் இருக்கா?"

"நே, நே." கேள்வி முடியும் முன்பே அண்ணன் சிங்களத்தில் மறுத்துவிட்டார்.

அவர் தோளுக்குள் போர்க்காலத்தில் வெடித்த எறிகணையின் துண்டு, செல் துண்டு, கிடக்கிறது. ஆனால் ராணுவச் சோதனைச் சாவடிகளில் காயம் உள்ளவன் என்றால் இயக்கத்துப் போராளி என்றுதான் கணக்கு. அங்கெல்லாம் 'நே' சொல்லித்தான் தப்பி வந்தவர்.

"தோளில துண்டு இருக்கு" என்றேன் நான்.

"வாயப் பொத்தடா."

"அண்ணை, இது காந்தம். துண்டை இழுத்துப்போடும்."

"ஆமியே இழுக்கேலாமப் போனதை இது இழுக்குமோ?"

இளைஞர் சிரிக்கவில்லை. "அண்ணே, இங்கே விசாரணை இல்லே. எக்ஸ்ரே மட்டும்தான்."

அண்ணன் சுவரைப் பார்த்தார். "தொடையிலயும் ஒண்டு கிடக்கு" என்றார். அது எனக்கே தெரியாது.

எக்ஸ்ரே பார்த்த டாக்டர், இரண்டும் தசைக்குள் இறுகிவிட்டன, அசையாது, ஸ்கான் எடுக்கலாம் என்றார். வெளியே என்னால் உட்கார முடியவில்லை. இயந்திரம் இடிக்கும் சத்தம் நிற்கும்வரை நடந்துகொண்டே இருந்தேன்.

போகிறவர்கள் பழைய எக்ஸ்ரே இருந்தால் கொண்டுபோங்கள். துண்டு இருந்தால் சொல்லிவிடுங்கள். வன்னியில் எத்தனை பேர் உடம்பில் இரும்போடு திரிகிறார்கள் என்று தெரிந்த நாடு, ஸ்கானுக்கு அனுப்பும்போதே அதைக் கேட்டிருக்க வேண்டும். கேட்காது.

பின்னேரம் முடிவு சொன்னார்கள். கட்டிதான். பேச்சுப் பகுதியின் விளிம்பைத் தொடுகிறது. ஒப்பரேஷனுக்குப் பிறகு சொற்கள் போகலாம்.

ஆட்டோவில் அண்ணன் கதைக்கத் தொடங்கினார். எந்தத் துண்டு எந்த ஊரில் பட்டது, பக்கத்தில் யார் கிடந்தார்கள், எல்லாம். கொட்டாஞ்சேனை வந்தும் முடியவில்லை. இறங்காமல், அதையும் தாண்டி முகத்துவாரம் வரை போகச் சொன்னேன்.