தலையாட்டினால் தாள் திருப்பு

அரங்கத்து ஸ்டூல்காரர் மேடையிலேயே தூங்கிவிட்டாராம். அவரை எழுப்பத்தான் பியானோ வாசித்த பெண் பாதியில் அப்படித் தலையை உதறினாளாம். மூன்று நாளாகத் தெருவெல்லாம் இதே பேச்சு. சலூனில் கேட்டால் குறட்டையை வாசித்தே காட்டுகிறார்கள். விசாரித்ததில் தெரிந்தது, மனிதர் கண்ணே மூடவில்லை. மூடியிருந்தால் கச்சேரி பிழைத்திருக்கும்.

பத்தொன்பது வருடமாக அந்த அரங்கத்தில் நாற்காலி போடுவதும் எடுப்பதும் அவர் வேலை. திரை விலகும்போது மனிதர் ஓரத்தில் மறைந்திருப்பார். தையல் மெஷின் மிதிக்கும் மனைவிக்கு அதில் ஒரு குறை. “கச்சேரி கச்சேரின்னு போறீங்க. உங்களை ஒருநாளாவது மேடையில பார்த்தவங்க உண்டா?”

அந்த வாரம் நாலு தேசத்திலிருந்து நாலு இளசுகள் வந்து இறங்கினார்கள். ஒருத்திக்குப் பியானோ, ஒருவனுக்கு வயலின், இன்னொருத்திக்கு வயலினுக்கு அண்ணன் மாதிரி ஒன்று, கடைசிப் பையனுக்கு அதற்கும் பெரியப்பாவான செல்லோ. ஒருவர் பாஷை மற்றவருக்கு அரைகுறை. சண்டையைக்கூட ‘லா லா’ என்று பாடித்தான் போட்டார்கள். வாசிக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் தலையாட்டுவார்கள், உடனே அடுத்தவர் சேர்ந்துகொள்வார். ஓரத்தில் நின்று பார்த்த ஸ்டூல்காரர், மரியாதை தெரிந்த பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டார்.

கச்சேரியன்று பியானோவுக்கு இசைக்குறிப்புத் தாள் திருப்புகிறவருக்குக் காய்ச்சல். மேனேஜர் ஓடி வந்தார்.

“அண்ணே, நீங்க உட்காருங்க. பொண்ணு தலையாட்டினா தாளைத் திருப்பணும். அவ்வளவுதான்.”

“எனக்கு அதெல்லாம் படிக்கத் தெரியாதே தம்பி.”

“தலையாட்டுறது தெரியுமில்ல? கல்யாணமாகி எத்தனை வருஷம் ஆச்சு?”

ஸ்டூல்காரர் உடனே வீட்டுக்குப் போன் போட்டார். மனைவி எதிர்வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு, டிக்கெட் எடுத்து மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தாள். மேனேஜரின் கறுப்புக் கோட்டில் கணவர் பியானோ பக்கத்தில் உட்கார்ந்ததும், “அவர்தான்” என்று பின்வரிசைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

முதல் இரண்டு தாள் ஒழுங்காகப் போயிற்று. மூன்றாவதில் பியானோப் பெண், செல்லோப் பையனை உள்ளே இழுக்க அவனைப் பார்த்துத் தலையாட்டினாள். ஸ்டூல்காரர் எழுந்து தாளைத் திருப்பினார். அவள் முறைத்து, ‘பின்னால போ’ என்று தலையை உதறினாள். இவ்வளவு வேகமாகத் தலையாட்டுகிறாளே, அவசரம் போல என்று இன்னொரு தாளையும் திருப்பினார்.

வேறு வழியில்லாமல் அவள் எதிரில் இருந்ததையே வாசித்தாள். செல்லோப் பையன் திடுக்கிட்டு அவள் பின்னால் தாவினான், அவன் பின்னால் அந்த வயலின் அண்ணன், அதன் பின்னால் வயலின். பஸ்ஸைத் துரத்தி ஏறின மாதிரி நாலு பேரும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தார்கள். சபை எழுந்து நின்று கைதட்டியது.

முடிந்ததும் பியானோப் பெண் நேராக இவரிடம் வந்தாள். அறைதான் விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தார். அவள் நாலு பக்கம் போச்சு என்று நாலு விரலைக் காட்டி, தாவிய இரண்டு தாளையும் உருவி இவர் கையில் திணித்து, தரையில் உட்கார்ந்து சிரித்தாள். மறுநாள் காலையிலேயே நாலு பேரும் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள்.

கச்சேரி முடிந்து திரும்பும் வழியில் எதிர்வீட்டம்மா, “ஏன் அந்தப் பொண்ணு உங்க வீட்டுக்காரரைப் பார்த்து அப்படித் தலையை உதறுச்சு?” என்று கேட்டபோது, மனைவிக்கும் காரணம் தெரியாது. “அசதியில கண் அசந்திருப்பாரு” என்றாள். வதந்திக்குத் தாய்வீடு இதுதான்.

வீட்டில் அவர் கோட்டைக் கழற்றும்போது, மனைவி மெஷினை மிதித்தபடியே, “திடீர்னு நாலு பேரும் சேர்ந்து ஓடுனாங்களே, அந்த இடம்தான் ரொம்ப நல்லா இருந்துச்சு” என்றாள். சும்மா இருந்திருக்கலாம். அவர் உண்மையைச் சொல்லிவிட்டார்.

மெஷின் நின்றது.

“அப்ப நாலு பக்கம் நான் கேக்கவே இல்லையா?”

“இல்லை.”

“முழுக் கச்சேரிக்குத்தானே டிக்கெட் எடுத்தேன்? உங்களை மேடையில பார்த்தாச்சு, சரி. அந்த நாலு பக்கம் எனக்கு வரணும்.”

“தரேன்” என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். இரண்டு தாளும் மெஷின் டிராயரில், நூல்கண்டுகளுக்கு அடியில் இருக்கின்றன. அதை வாசிக்க நாலு பேர் வேண்டும். ‘லா லா’ என்று தானே பாடி ஒருமுறை பார்த்தார், அது கணக்கில் சேராதாம்.