திருச்செங்கோட்டில் கொஞ்சம் கடல்

சேலம் புதிய பஸ் ஸ்டாண்டில் காலை ஏழு மணிக்குத் திருச்செங்கோடு பஸ் ஏறினேன். டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய். தூரம் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஏற்காடு மலை பின்னால் நீலப்புகையாகக் கரைந்துகொண்டிருந்தது. பக்கத்து சீட்டுக்காரர், "எங்கம்மா, கோயிலுக்கா?" என்றார். "கடல்லேருந்து கரண்ட் எடுக்கிற மெஷின் பார்க்கப் போறேன்" என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தச் சமவெளியில் எந்தத் திசையில் போனாலும் கடலுக்குப் பாதி நாளாகும்.

நான் தூத்துக்குடிக்காரி. அரபிக்கடலில் ஒரு சிறிய தீவில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். அங்கே மின்சாரம் என்றால் டீசல், டீசல் என்றால் கப்பல். மழைக்காலத்தில் கப்பல் வராத நாட்களில் தடுப்பூசி வைத்திருக்கும் ஃப்ரிட்ஜைக் கைக்குழந்தையைப் போலக் காவல் காப்போம். போன வருடம் கடலின் ஆழத்தையும் சூட்டையும் அளக்க வந்த குழுவில் யாஸ்மின் இருந்தாள். சேலத்துப் பெண், இன்ஜினியர். வந்த இடத்தில் காய்ச்சலில் விழுந்தாள். நான்தான் பார்த்துக்கொண்டேன். கிளம்பும்போது, "ஊர்ப்பக்கம் வந்தா என் மெஷினைக் காட்டுறேன்க்கா" என்றாள்.

சங்ககிரி தாண்டியதும் வெயில் வெள்ளையானது. வயல்கள், பாறைகள், ரிக் லாரிகள் எல்லாம் தண்ணீருக்கு அடியில் இருப்பவை போல நெளிந்தன. நான் தூங்கினேனா விழித்திருந்தேனா தெரியவில்லை. கண்ணைத் திறந்தபோது திருச்செங்கோட்டு மலை செந்நிறமாக எதிரே நின்றது.

பட்டறை ஊருக்கு வெளியே இருந்தது. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளைப் பழுதுபார்க்கும் கொட்டகை. அதன் ஒரு மூலையை யாஸ்மினுக்கு விட்டிருந்தார் முதலாளி பழனிச்சாமி.

"வாங்க சிஸ்டர். யாஸ்மின் அம்மிணி உங்களப் பத்திச் சொல்லாத நாளில்லீங்க" என்றார்.

யாஸ்மின் இளைத்திருந்தாள். "இன்னைக்கு ஓடலைன்னா பிரிச்சு வச்சுடுவேன்க்கா. கடைக்கு வந்து உட்காருறேன்னு அத்தாகிட்ட வாக்குக் குடுத்துட்டேன்" என்றாள். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அவள் அப்பாவுக்கு மளிகை மொத்த வியாபாரம்.

மெஷின் ஒரு கட்டில் அளவு இருந்தது. அது ஓடும் விதத்தை யாஸ்மின் சொன்னாள். கடலின் மேல்தண்ணீர் வெயிலில் சூடாக இருக்கும். ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் உறையவைக்கும் குளிர். ஏசிக்குள் ஓடுவது போன்ற ஒரு திரவத்தை அந்தச் சூடே கொதிக்கவைத்துவிடும். ஆவி டர்பைனைச் சுழற்றும். அடித்தண்ணீரின் குளிர் அதைத் திரும்பத் திரவமாக்கும். இங்கே மேல்கடலுக்குப் பதில் மாடியில் வெயில் காயும் தொட்டித் தண்ணீர். அடிக்கடலுக்குப் பதில், உமியில் புதைத்துக் கொண்டுவந்த ஐஸ் கட்டிகள்.

பழனிச்சாமிக்கு ஒரு சந்தேகம் இருந்தது. "ஏனுங்க சிஸ்டர், நாங்க ஆயிரம் அடிக்குக் கீழ போனா தண்ணி வெதுவெதுன்னு வருமுங்க. கடல்ல மட்டும் எப்படிங்க ஆழத்துல ஜில்லுன்னு இருக்கும்?"

யாஸ்மின்தான் பதில் சொன்னாள். துருவத்துக் கடலில் குளிர்ந்து கனத்த தண்ணீர் அடியில் இறங்கி, வெளிச்சமே படாமல், நூற்றுக்கணக்கான வருடங்கள் தரையோடு தரையாக ஊர்ந்து நம் பக்கம் வருகிறது என்றாள்.  எனக்குக் கொட்டகையின் சத்தமெல்லாம் எங்கோ தூரத்தில் கேட்பது போலிருந்தது.

பிற்பகல் தொட்டித் தண்ணீர் நன்றாகக் காய்ந்ததும் ஆரம்பித்தார்கள். டர்பைன் சுற்றியது. பல்பு எரிந்தது. நான் கைதட்டினேன், யாஸ்மின் இல்லையென்று தலையசைத்தாள். "இது கணக்கில்லக்கா. தண்ணி எறைக்கிற பம்பு இன்னும் வெளிக் கரண்ட்லதான் ஓடுது" என்று சொல்லி ஸ்விட்சைத் திருப்பினாள். இனி பம்பையும் மெஷினே ஓட்ட வேண்டும். பல்பு சிவந்தது, மங்கியது, அணைந்தது. எல்லாம் நின்றுவிட்டது.

"தண்ணிய எறைக்கவே எல்லாக் கரண்டும் போயிருதுங்களே" என்றார் பழனிச்சாமி மெதுவாக.

யாஸ்மின் ஐஸ் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து குளிர்ந்த தண்ணீரில் கையை விட்டுக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன். கையை உதறிக்கொண்டு எழுந்து, "நான் அவசரப்படுறேன்க்கா. பம்பை இவ்ளோ வேகமா ஓட்டினா, வர்றதை அதுவே தின்னுடும். மெதுவா விட்டுப் பார்க்கலாம்" என்றாள்.

மிச்சமிருந்த ஐஸைப் பழனிச்சாமியே சுமந்து வந்து கொட்டினார். வேகம் குறைத்த பம்பு வாய்க்கால் போல நிதானமாக முனகியது. அவள் மறுபடி ஸ்விட்சைத் திருப்பினாள். பல்பு மங்கியது. மங்கிய இடத்திலேயே நின்றது. அணையவில்லை.

 வெளியே அத்தனை வெயில் அடிக்கும்போது, பகல் நிலாவைப் போல ஒரு மஞ்சள் வெளிச்சம். ஒரு பக்கம் வெதுவெதுப்பு, ஒரு பக்கம் குளிர், நடுவில் அது. யாஸ்மின் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். கால் மணி நேரம் எரிந்திருக்கும். ஐஸ் கரைந்ததும், தூக்கம் வருவது போல அணைந்தது.

"கடல்ல ஐஸ் தீராதுங்களே?" என்றார் பழனிச்சாமி.

"தீராதுங்கண்ணா."

"அப்பறமென்ன அம்மிணி, எடம் இங்கயே கெடக்கட்டும். உங்கப்பாகிட்ட நான் வந்து பேசறேன்."

மூன்றாம் நாள் தீவுக்குக் கப்பலில் திரும்பினேன். கரைக்குப் போகும் படகில் முதலில் டீசல் பீப்பாய்களை இறக்கினார்கள், பிறகு எங்களை. யாஸ்மினின் மெஷின் எங்கள் தீவுக்கு எப்போது வரும், வருமா என்று எனக்குத் தெரியாது. சேலத்தில் வெயில் மண்ணைச் சுட்டுவிட்டு மாலையில் போய்விடுகிறது. எங்கள் தீவில் அதைக் கடல் வாங்கி வைத்துக்கொள்கிறது. படகு கப்பலை விட்டு விலகியபோது கையைத் தண்ணீரில் விட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. இத்தனை வருடம் இந்தக் கடலை மேலாகவே பார்த்திருக்கிறேன். அன்று முதல் தடவையாக, கீழே இருட்டில் ஊர்ந்து வந்துகொண்டிருக்கும் அந்தக் குளிர்ந்த தண்ணீரை நினைத்தபடி கரை சேர்ந்தேன்.